சிவப்புச் சீட்டு கட்டிய பிரேக்

ஆற அமரப் பார்த்து ஒரு பொருளை வாங்குகிறவனை இந்தக் காலத்தில் யாருக்கும் பிடிப்பதில்லை. மின்விசிறி வாங்கப் போனாலும் சரி, செருப்பு வாங்கப் போனாலும் சரி, நான் இரண்டாவது கேள்வி கேட்பதற்குள் கடைக்காரர் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவார். உங்கள் ஸ்டேஷன் எழுத்தரும் அந்த ரகம்தான். நான் சொல்லச் சொல்ல, அவர் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிக்கொண்டே போனார். அதனால்தான் ஐயா, தாளை என்னிடமே கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். கொடுத்ததற்கு நன்றி. பேனா கொஞ்சம் திட்டுத்திட்டாக எழுதுகிறது, பரவாயில்லை.

எதற்கு வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் காவலில் ஒரு மெக்கானிக் இருக்கிறான். என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி. அக்காவின் காருக்குப் புது பிரேக் மாட்டியதாகச் சொல்லிவிட்டு, தேய்ந்துபோன பழையதையே மாட்டி அனுப்பினான், அதனால்தான் அவள் மேம்பாலச் சரிவில் காரை நிறுத்த முடியாமல் தண்ணீர் லாரியின் பின்னால் போய் மோதினாள், இதுதான் வழக்கு. நேற்று உங்கள் அறிக்கையின் நகல் என் கைக்கு வந்தது. மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: 'உரிமையாளரான கணவர், பிரேக் உதிரிபாகங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மைத்துனரிடமே விட்டுவிட்டார்.' இது தவறு. இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தத்தான் வந்தேன். இதைத் திருத்துவதென்றால் மற்றதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். அங்கே எனக்குப் 'பட்டியல்' என்று பட்டப்பெயர். எனக்குத் தெரியாமல் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு என் காதுபடவே கூப்பிடுவார்கள். நானும் தெரியாதது போலவே இருந்துவிடுவேன். எங்கள் பிரிவில் ஒரு நடைமுறை உண்டு. முறையாகத் தேர்வு செய்யாத பொருள் ஏதாவது உள்ளே வந்துவிட்டால், அது எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும் இயந்திரத்தில் இருக்கக் கூடாது. கழற்றி, சிவப்புச் சீட்டு கட்டி, கம்பிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். தேர்வு முடியும் வரை பழைய பாகமே ஓடும். இந்த விதியை எழுதியவன் நான். ஒரு பம்புக்கு ரப்பர் வளையம் தேர்ந்தெடுக்க ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் பம்பு படுத்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஏழு மாதத்தில் தவறான வளையம் ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை, அதை யாரும் மறுக்க முடியாது.

கார் என் பெயரில் இருந்தாலும் தினமும் ஓட்டுவது என் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஏழு மணிக்கே வாசலில் நிற்பார்கள் என்பதால் ஆறரைக்குக் கிளம்பிவிடுவாள். போக வரப் பதினாறு பதினாறு கிலோமீட்டர், நடுவில் அந்த மேம்பாலம், சரிவின் அடியிலேயே சிக்னல். நான் கம்பெனி பஸ்ஸில் போகிறவன்.

ஒருநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "என்னங்க, பிரேக்க மிதிச்சா கீச்சுகீச்சுன்னு கத்துது. என்னன்னு பாருங்க."

அன்று மாலையே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். அளவுகோலை வைத்து அளந்தேன். பிரேக் பேடில் உரசும் பகுதி இரண்டரை மில்லிமீட்டர்தான் இருந்தது. மூன்றுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். அது அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தட்டை, டிஸ்க் என்பார்கள், நகத்தால் தடவினால் ஓரத்தில் படிபோலத் தட்டுப்பட்டது. அதையும் மாற்ற வேண்டும். இரண்டிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆபத்தை அலட்சியம் செய்தவன் என்று என்னைப் பற்றி யாராவது எழுதினால் அதையும் நான் மறுப்பேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே பட்டியலைத் தொடங்கிவிட்டேன்.

இந்த விஷயத்தில் உள்ளே இறங்கிப் பார்த்தால்தான் ஆழம் தெரியும். டிஸ்க்கில் வழவழப்பானது உண்டு, ஓட்டை போட்டது உண்டு, கோடு வெட்டியது உண்டு. பேடில் செராமிக் என்ற பீங்கான் வகை சத்தம் போடாது, தூசி கிளப்பாது. இரும்புத்தூள் கலந்தது கப்பென்று பிடிக்கும், ஆனால் டிஸ்க்கைத் தின்றுவிடும், சக்கரத்தையும் கரியாக்கிவிடும். மூன்றாவது வகை மெத்தென்று இருக்கும், சீக்கிரம் கரைந்துபோகும். தினசரி ஓட்டுகிற காருக்கு வழவழப்பான டிஸ்க்கும் ஒரு நல்ல பேடும் போதும் என்றுதான் உதிரிபாகக் கடையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லோரும் ஒரே குரலில் சொன்னால் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் வரும்.

பட்டியலில் பத்தொன்பது தயாரிப்பாளர்கள், அவர்களை ஒப்பிட இருபத்தேழு பத்திகள். துருப்பிடிக்கும் வேகம், எடை, ஈரத்தில் பிடிக்கும் திறன், குளிர்ந்த காலையில் முதல் மிதிக்கு எப்படி நிற்கும், எல்லாம் உண்டு. பெட்டி அட்டையின் தடிமனுக்குக்கூட ஒரு பத்தி போட்டேன். அட்டையிலேயே கஞ்சத்தனம் செய்கிறவன் இரும்பில் செய்ய மாட்டானா? ஐந்து நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர், இனிமேல் தயவுசெய்து எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

நான்காவது வாரம் கீச்சுச் சத்தம் கரகரப்பாக மாறிற்று. ஆறாவது வாரம் காரை நிறுத்துமிடத்துக்கு அவள் கொண்டுவருவது மூன்றாம் மாடியில் எனக்குக் கேட்டது. என்னைக் குடைந்து எடுத்துவிட்டாள்.

"தம்பிகிட்ட விட்டா அரை நாள்ல மாட்டிக் குடுத்துடுவான்."

"என்ன வகை பேட் போடுவானாம், கேட்டியா?"

"பிரேக் பிடிக்கிற வகை."

இதை நான் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் அவள் தம்பிக்கும் ஒரே குணம். எதிலும் எடுத்தேன் கவிழ்த்தேன்தான். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பார்கள். மைத்துனன் கெட்டவன் இல்லை. கை சுத்தமானவன். கழற்றிய பழைய சாமானைப் புதிய பெட்டியிலேயே போட்டு டிக்கியில் வைத்துக் கொடுப்பான், யாரும் தன்னைச் சந்தேகப்படக் கூடாது என்று. ஆனால் ஒரு பாகத்தைக் கையில் எடுத்தால் ஏன் இது, ஏன் அது இல்லை என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்க மாட்டான்.

ஒன்பதாவது வாரம் நான் அலுவலக வேலையாக இரண்டு நாள் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. மைத்துனனே போன் செய்தான். "மாமா, ரெண்டு பக்கமும் டிஸ்க், பேட் எல்லாம் புதுசு போட்டாச்சு. இப்ப லேசா கால வச்சாலே நிக்குது. இனிமே கவலையே படாதீங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று மாலை என் மனைவி என்னைக் காரில் உட்காரவைத்து ஒரு சுற்று அழைத்துப் போனாள். ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக்கை மிதித்துக் காட்டினாள். "பாத்தீங்களா? சத்தமே இல்ல பாருங்க." ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள். கார் நன்றாகவே நின்றது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. வழியில் தம்பி வீட்டுக்குப் போனோம். அங்கே டீ குடிக்கும்போது தம்பி மனைவியிடம் சொன்னாள். "ஒம்பது வாரமா இவர் முடிக்காதத, ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுட்டான் என் தம்பி." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மைத்துனன் மட்டும், "சும்மா இரு அக்கா, மாமா பாத்து வாங்கினா அது வேற மாதிரி" என்று எனக்காகப் பேசினான். சற்றுமுன் உங்கள் துணை ஆய்வாளர் இதைக் கேட்டுவிட்டு, 'அப்போ கோபத்துல செஞ்சிருக்கீங்க' என்றார். கோபத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நானும்தான் சிரித்தேன். இரண்டு பிஸ்கட் கூடச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து பட்டியலைத் திறந்தேன். பத்தொன்பதில் பதினேழைக் கழித்து இரண்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். இன்னும் பத்து நாள் வேலை, அவ்வளவுதான். அந்த நிலையில், தேர்வு முடியாத ஒரு பொருள் என் காரில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டால் இருபத்திரண்டு வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொன்னதற்கெல்லாம் என்ன அர்த்தம்?

ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி பக்கத்து வீட்டம்மாவோடு ஜவுளி எடுக்கப் போனாள். மூன்று மணி நேரம் கிடைத்தது. காரைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரங்களைக் கழற்றி, புதிய டிஸ்க்கையும் பேடையும் எடுத்தேன். டிக்கியில் இருந்த பழையதைத் திரும்ப மாட்டினேன். மாட்டுவதற்கு முன் அளந்தேன். இடது பக்க உள்பேடில் அரை மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு போல்ட்டையும் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்குச் சரியாக முறுக்கினேன். பிரேக் மிதி கெட்டியாகும் வரை மிதித்துப் பார்த்தேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. புதியதைத் துடைத்து, சிவப்புச் சீட்டு எழுதிக் கட்டினேன்: 'தேர்வு செய்யப்படாதது. பயன்படுத்தக் கூடாது.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். என் அறை அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அவளிடம் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் நடைமுறையில் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இல்லை. இப்போது யோசித்தால் அதைச் சேர்த்திருக்கலாம்.

திங்கட்கிழமை மாலை முகத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். "புதுசு போட்டும் கத்துதேங்க?"

"புது பேட் டிஸ்க்கோட பழகுற வரைக்கும் கொஞ்சம் சத்தம் வரும்" என்றேன். இது எந்தப் புத்தகத்திலும் இருக்கிற உண்மை. அவள் நம்பிக்கை இல்லாமல் தம்பிக்குப் போன் போட்டாள். அவனும், "ஆமாக்கா, நாலஞ்சு நாள்ல அடங்கிடும். அடங்கலன்னா வண்டியக் கொண்டா" என்றான். அதன்பிறகுதான் அவளுக்கு நிம்மதி.

ஐந்தாம் நாள் அவன் நேராக எனக்கே போன் செய்தான். "மாமா, அக்கா வண்டி சத்தம் நின்னுச்சா? நான் வேணா சாயங்காலம் வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போகட்டா?"

நின்றுவிட்டது என்றேன். அவன் வந்து பார்த்திருந்தால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும்.

பத்தாம் நாள் அவள் இன்னொன்றும் சொன்னாள். "மிதி முன்ன விட ரொம்பக் கீழ வரைக்கும் போகுதுங்க. பயமா இருக்கு." மெதுவாக ஓட்டச் சொன்னேன். அவள் சொன்னது எனக்கு மிகவும் பயன்பட்டது, ஐயா. மிதி எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்குப் பட்டியலில் பத்தியே இல்லை. அன்றைக்கே சேர்த்தேன். அதனால் வேலை இன்னும் மூன்று நாள் தள்ளிப்போயிற்று.

பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு அது நடந்தது. உங்கள் வாகன ஆய்வாளர் எழுதியிருப்பது சரி. இடது பேடில் உரசும் பகுதி அறவே போய், இரும்போடு இரும்பு உரசி, பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்து பிரேக் எண்ணெய் முழுதும் ஒழுகியிருக்கிறது. எங்கள் கம்பெனி பஸ் ஏழே காலுக்கு அந்த மேம்பாலத்தில் ஏறிற்று. போக்குவரத்து நின்றிருந்தது. யாரோ அரக்கப்பரக்க ஓட்டி இடித்துவிட்டார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஜன்னல் வழியாக எங்கள் காரின் பின்பக்கம் தெரிந்தது. மேம்பாலத்தில் பஸ்ஸை நிறுத்தக் கூடாது என்பது விதி. ஆகவே அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன். அதற்குள் அவளை எடுத்துப் போய்விட்டார்கள்.

வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பிரேக்கை மிதித்த கால். இடுப்பெலும்பும் உடைந்திருக்கிறது. மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "மூணு தடவ மிதிச்சேங்க." நான் அவளுடைய கணவன், ஐயா. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அதைக் கேட்டு அழுதேன் என்றே சொல்ல வேண்டும்.

மைத்துனன் நடுரோட்டுக்கே ஓடிவந்திருந்தான். நொறுங்கிய காருக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து என்னிடம் வந்தான். "மாமா, இது நான் மாட்டினது இல்ல. சத்தியமா இது நான் மாட்டினது இல்ல மாமா." போலீசிடம் சொல்லப்பா என்றேன். சொன்னான். நீங்கள் அவனையே அழைத்துப் போனீர்கள்.

அதன்பின் ஒன்பது நாள். அவன் பட்டறையிலிருந்து ஒவ்வொருவராகக் காரை எடுத்துப் போய்விட்டார்கள். ஷட்டரில் எவனோ 'அக்கா காலை எடுத்தவன்' என்று கரியால் எழுதியிருக்கிறான். அவன் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. அவர் அப்படிப்பட்ட ஆளா?" சட்டம் தன் கடமையைச் செய்யும் தங்கச்சி என்று சொல்லி அனுப்பினேன். வார்டில் என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "கூடப் பொறந்தவளையே ஏமாத்திட்டான். அவன் மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன். அவன் எனக்குத் தம்பியே இல்ல" என்றாள். அவளுக்குத் தலையணையைச் சரிசெய்து கொடுத்தேன். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் நோயாளியைப் பதற்றப்படுத்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தவிர, பட்டியல் முடியாமல் எதைச் சொல்வது?

மருத்துவமனை நடையில் உட்கார்ந்து முடித்தேன். நல்ல அமைதியான இடம், பெஞ்சும் வசதியாக இருந்தது. இருபத்தெட்டுப் பத்திகளையும் கூட்டிப் பார்த்ததில் முதலிடம் வந்தது வழவழப்பான டிஸ்க்கும் செராமிக் பேடும். மைத்துனன் மாட்டிய அதே நிறுவனம், அதே வகை. மூன்று முறை சரிபார்த்தேன்.

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். ஆனால் அவன் மாட்டியபோது அது ஏதோ கைக்கு வந்ததை மாட்டியது. அது ஏன் சிறந்தது என்று அவனைக் கேட்டால் ஒரு காரணம் சொல்ல மாட்டான். என்னால் இருபத்தெட்டுக் காரணம் சொல்ல முடியும். ஆகவே அறிக்கையில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, பிரேக்கைத் தேர்ந்தெடுத்தவர் கணவர்தான் என்று எழுதுங்கள். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: நல்ல பிரேக்கைக் கழற்றியவன் நான். நிற்காது என்று அளந்து தெரிந்துகொண்டே பழையதை மாட்டியவன் நான். பன்னிரண்டு நாளும் அவளை அந்தச் சரிவில் அனுப்பிவைத்தவன் நான். பார்க்க வருகிறேன் என்றவனைத் தடுத்தவனும் நான். மைத்துனன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவனை விட்டுவிடுங்கள்.

என்னை எப்போது வேண்டுமானாலும் உள்ளே வையுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். நேற்று மைத்துனன் மனைவி ஒரு சக்கர நாற்காலி வாங்கி வார்டுக்கு அனுப்பியிருக்கிறாள். கடையில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்திருப்பாள் போலிருக்கிறது. நான் திருப்பி அனுப்பிவிட்டேன். சந்தையில் முப்பத்தொரு வகைகள் இருக்கின்றன, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். படுத்தே கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும், ஏற்கெனவே தோல் சிவந்திருக்கிறது என்று நர்ஸ் என்னிடம் கோபப்பட்டார். நான் தேர்ந்தெடுத்து முடிக்கும் வரை யார் என்ன நாற்காலி கொண்டுவந்தாலும் உள்ளே விட வேண்டாம் என்று வார்டுக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் உதவியாக இருக்கும். என் மனைவியின் பாதுகாப்பு விஷயத்தில் நான் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.